கொம்புச்சாவைப் பாட்டிலில் அடைக்கும் முறையும் வைத்துப் பாதுகாக்கும் முறையும்

ஊறுகாயை உப்பும் எண்ணெயுமாக ஜாடியில் நிரப்பி, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிட்டால் நம் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. புளிக்கவைத்த தேநீர் பானமான கொம்புச்சாவின் கணக்கு இதற்கு நேர்மாறானது. துணி கட்டியிருக்கும் வரை அது பெரிதாகத் தொல்லை தருவதில்லை; துணியை அவிழ்த்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி போட்ட பிறகுதான் அதன் மீது ஒரு கண் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் கொம்புச்சா போடுகிறவர்களில் பலர், தேநீர் புளிக்கும் பத்து நாளும் காட்டுகிற அக்கறையைப் பாட்டிலில் அடைக்கும் அரை மணி நேரத்தில் காட்டுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

பால் சேர்க்காத தேநீரில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை சர்க்கரை போட்டு ஆறவைத்து, ஸ்கோபி எனப்படும் வழவழப்பான தோலையும், முந்தைய ஈட்டிலிருந்து எடுத்துவைத்த புளித்த தேநீரையும் சேர்த்து வைத்தால் கொம்புச்சா உருவாகிறது. அந்த ஜாடிக்குள் இரண்டு வகை நுண்ணுயிர்கள் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அசிட்டிக் அமில பாக்டீரியா அந்த ஆல்கஹாலை எடுத்துக்கொண்டு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனின் துணையோடு அதைப் புளிப்பாக மாற்றுகிறது. வாய் அகன்ற ஜாடியில் துணி மட்டும் கட்டி வைப்பது இந்த பாக்டீரியா மூச்சுவிடுவதற்காகத்தான். மூடிய பாட்டிலுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா சோர்ந்துவிடுகிறது. ஈஸ்டுக்கோ ஆக்ஸிஜன் கட்டாயமில்லை என்பதால், சர்க்கரை உள்ள வரை அது தன் வேலையைத் தொடர்கிறது. வாயு வெளியேற வழியில்லாமல் பானத்திலேயே கரைகிறது. ஆல்கஹாலும் புளிப்பாக மாறாமல் அங்கேயே தங்குகிறது. ஆகவே, மூடி போடுவது நொதித்தலை நிறுத்துவதில்லை, அதன் திசையை மட்டும் மாற்றுகிறது. கீழே சொல்லப்படும் எல்லாமே இந்த ஒரு மாற்றத்தைச் சமாளிப்பதற்கான வழிகள்.

முதலில் பாட்டில். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. வாயு நிறைந்த பானத்துக்கென்றே செய்யப்பட்ட, கனமான, உருண்டை வடிவக் கண்ணாடி பாட்டில்தான் வேண்டும். கம்பிக் கிளிப்பும் ரப்பர் வாஷரும் கொண்ட பீங்கான் மூடி போட்ட பாட்டில்கள் இப்போது பாத்திரக் கடைகளில்கூடக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பாதி, எண்ணெயோ சர்பத்தோ ஊற்றி அழகுக்கு வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் கையில் தூக்கிப் பார்த்தால் எடை வேறுபாடு தெரிந்துவிடும். சதுர வடிவப் பாட்டிலை எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள்; உள்ளிருக்கும் அழுத்தம் உருண்டைச் சுவரில் சமமாகப் பரவும், சதுரத்தில் மூலைகளிலும் தட்டையான பக்கங்களிலும் குவிந்து அங்கேயே விரிசல் விடும். ஜாம் பாட்டில், தேன் பாட்டில், ஒயின் பாட்டில் ஆகியவையும் இதற்கு ஆகாது. ஷாம்பெயின் பாட்டிலும் பீர் பாட்டிலும் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்படுபவை.

நம் ஊர் கோலி சோடா பாட்டில் இதற்குப் பொருந்துமா என்று சிலர் கேட்பதுண்டு. 1870களில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் காட் உருவாக்கிய அந்த பாட்டில் அழுத்தம் தாங்குவதில் கில்லாடிதான். ஆனால் அதன் கோலி, வாயிலுள்ள ரப்பர் வளையத்தில் போய் உட்காருவதற்கு முதலிலேயே உள்ளே வாயு அழுத்தம் இருந்தாக வேண்டும். அதனால்தான் சோடாக் கடையில் எந்திரத்தில் பொருத்திச் சுற்றுகிறார்கள். மெல்ல மெல்ல நாள்கணக்கில் வாயு சேரும் கொம்புச்சாவுக்கு அந்த ஏற்பாடு ஒத்துவராது.

பீங்கான் ஜாடியிலோ பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரத்திலோ கொம்புச்சாவைச் சிறிது நேரத்துக்குக்கூட ஊற்றி வைக்காமல் இருப்பது நல்லது. அதன் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். ஜாடியின் மேல்பூச்சில் ஈயம் இருந்தால் அதையும் இழுத்துக்கொள்ளும். பீங்கான் பானையில் கொம்புச்சா போட்டுக் குடித்தவர்களுக்கு ஈய நச்சு ஏறியதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1998இல் பதிவுசெய்திருக்கிறார்கள். கண்ணாடி போதும். எவர்சில்வர் வடிகட்டியும் புனலும் சில நிமிடங்களே படுவதால் கவலையில்லை.

எந்த நாளில் பாட்டிலில் அடைப்பது என்பதை நாட்காட்டி சொல்லாது, நாக்குதான் சொல்லும். சென்னையில் என் சமையலறையில் மே மாதத்தில் ஆறாம் நாளே தயாராகிவிடுகிற ஈடு, மார்கழியில் பன்னிரண்டு நாள் வரை போகிறது. ஐந்தாம் நாளிலிருந்து, தோலின் ஓரத்தை ஒரு சுத்தமான கரண்டிக் காம்பால் ஒதுக்கி, அரைக் கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். இனிப்பு முன்னால் தெரிந்து புளிப்பு பின்னால் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். புளிப்பு முன்னால் வந்து இனிப்பு அடியில் மெலிதாகத் தங்கினால் அதுதான் பதம். நாக்கோடு, புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாளையும் துணைக்கு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அளவு 4.2க்கு மேல் இருந்தால் கெடுதல் செய்யும் கிருமிகளைத் தடுக்கிற அளவுக்குப் புளிப்பு ஏறவில்லை என்று பொருள், அதை அடைக்கக் கூடாது; பெரும்பாலும் 3ஐ ஒட்டியே நிற்கும். 2.5க்குக் கீழே போய்விட்டால் அது குடிப்பதற்கில்லை. அவசரப்பட்டு இனிப்பாக இருக்கும்போதே அடைத்தால், சுவை மட்டுமல்ல, பாதுகாப்பும் போகும். மிச்சச் சர்க்கரை அத்தனையும் மூடிய பாட்டிலுக்குள் வாயுவாக மாறக் காத்திருக்கும்.

பாட்டில்களை முதல் நாளே கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பின் வாசனை துளி இருந்தாலும் பானத்தில் தெரியும். அதனால் இரண்டு மூன்று முறை அலசி, கடைசியாகக் கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரால் கழுவினால் போதும். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, அது நான்கு நாள் கழித்து அழுத்தம் ஏறும்போது தன் வேலையைக் காட்டும். கழுத்தின் உட்புறத்தை நீளத் தூரிகையால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் சில்லு பெயர்ந்த பாட்டிலைத் தயங்காமல் பூச்செடிக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடைக்கும் அன்று கையைக் கழுவிக்கொண்டு முதலில் செய்ய வேண்டியது, தோலை எடுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, அடுத்த ஈட்டுக்கான புளித்த தேநீரை அதன் மேல் ஊற்றி மூடிவிடுவது. இரண்டு லிட்டருக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லிக்குக் குறையாமல், ஜாடியின் மேற்பகுதியிலிருந்தே எடுங்கள். அடியில் ஈஸ்ட் அதிகமாகப் படிந்திருக்கும். இட்லி மாவு அரைக்கிற வீட்டில் பழைய மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைக்கிற கதைதான். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, சுவைக்கான பழக்கலவையை ஜாடி முழுதும் கலந்துவிட்ட பிறகு தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு ஜாடியை ஒரு மரக்கரண்டியால் மெதுவாக இரண்டு சுற்று கிளறிவிட வேண்டும். கிளறாமல் ஊற்றினால் முதல் பாட்டில்களில் ஈஸ்ட் குறைந்தும் கடைசிப் பாட்டிலில் மண்டியோடு மிகுந்தும் போய், ஒன்று தண்ணீராகவும் மற்றொன்று வெடிகுண்டாகவும் ஆகும். பழுப்பு நிறத்தில் நூல் நூலாகத் தொங்குவது ஈஸ்ட் கற்றை. கெடுதல் இல்லை, டீ வடிகட்டியில் நின்றுவிடும். மெல்லிய துணியில் மூன்று மடிப்பு வைத்து வடிகட்டித் தெளிவாக்க முனைய வேண்டாம், நுரைக்கத் தேவையான ஈஸ்டும் போய்விடும்.

புனலை வைத்து ஊற்றும்போது பாட்டிலைச் சற்றே சாய்த்துப் பிடித்து, கண்ணாடிச் சுவரோடு வழியவிடுங்கள். வாயிலிருந்து இரண்டு விரல்கடை இடம் விட்டு நிறுத்துங்கள். தளும்ப நிரப்பினால் வாயு சேர இடமின்றித் திறக்கும்போது பீறிடும். பாதி மட்டும் நிரப்பினால் உள்ளே காற்று மிகுந்து, பானம் நுரைக்காமல் புளிப்பதோடு, மேலே புதிதாக ஒரு மெல்லிய தோலும் படியும்.

நுரைப்புக்குச் சர்க்கரை சேர்க்கும் இடத்தில்தான் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய அரை கிராம் கரியமில வாயு வரும். ஒரு லிட்டர் பானத்தில் இரண்டு கிராம் வாயு கரைந்திருந்தால், அது தன் கொள்ளளவுக்குச் சமமான வாயுவைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். கடையில் விற்கும் கோலா வகைகள் இதைப் போல மூன்று நான்கு மடங்கு சுமக்கின்றன. ஆகவே லிட்டருக்கு 4 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு மடங்கு வாயுவைத் தரும். ஜாடியிலிருந்து வரும்போதே சிறிது வாயுவும் மிச்சச் சர்க்கரையும் அதில் இருக்கும் என்பதால், நன்றாகப் புளித்த கொம்புச்சாவுக்கு லிட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை டீஸ்பூன் வரை சேர்த்தால் நாக்கில் சுருக்கென்று ஏறும் அளவுக்கு நுரைப்பு வந்துவிடும். இதற்கு மேல் போடுவது ஆசை.

பழத்திலும் சர்க்கரை உண்டு என்பதை இந்தக் கணக்கு தெரிந்தவர்களே மறந்துவிடுகிறார்கள். மாம்பழக் கூழில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு போலச் சர்க்கரை இருக்கும். அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி கூழ் ஊற்றினாலே இரண்டு கிராம் சேர்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகு தனிச் சர்க்கரை எதற்கு? நான் இரண்டு கோடைக்கு முன் ஒரு பாட்டிலில் நான்கு கரண்டி பங்கனப்பள்ளிக் கூழும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் போட்டு, அடுப்பு மேடைக்கு மேலிருந்த அலமாரியில் வைத்துவிட்டு மூன்று நாள் மறந்துபோனேன். இரவு இரண்டு மணிக்குப் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால், மேற்கூரையில் மஞ்சள் கறை. பாட்டிலின் கழுத்து மூடியோடும் கம்பியோடும் அப்படியே மேடையில் நின்றுகொண்டிருந்தது, உடம்புதான் இல்லை. ஒரு விரல் நீளக் கண்ணாடித் துண்டை மறுநாள் காலையில் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். பகலில் அங்கே யாராவது சமைத்துக்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றும் பிடிக்கவில்லை.

சுவைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இஞ்சி. தோல் சீவி, ஊசி ஊசியாக நறுக்கிய பத்துப் பன்னிரண்டு துண்டுகள் ஓர் அரை லிட்டர் பாட்டிலுக்குப் போதும். நாவல்பழம் நிறத்துக்கும் துவர்ப்புக்கும் அருமை. கொட்டையை நீக்கி லேசாக மசித்துப் போடலாம். அன்னாசியும் திராட்சையும் மாம்பழத்தைப் போலவே முரட்டுத்தனமானவை. நன்னாரி சர்பத் பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான் என்பதால் அதை முன்கூட்டியே ஊற்றாமல், குடிக்கும் நேரத்தில் டம்ளரில் கலந்துகொள்வது புத்திசாலித்தனம். நறுக்கிய பழத்தை விடச் சாற்றை வடிகட்டி ஊற்றுவது எனக்குப் பிடித்த வழி. பழத்துண்டுகள் கழுத்தில் வந்து அடைத்துக்கொண்டால், திறக்கும்போது வாயு அவற்றைத் தள்ளிக்கொண்டு பீறிடும்.

மூடி போட்ட பாட்டில்களை அறை வெப்பத்தில், வெயில் படாத இடத்தில், நிமிர்த்தி வைக்க வேண்டும். வெளியில் 35 டிகிரி அடிக்கிற நாட்களில் ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள். மழைக்காலத்தில் மூன்று நான்கு நாள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் இடங்களில் ஒரு வாரமும் ஆகலாம். கண்ணாடிக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணால் அறிய முடியாது. எனவே ஒவ்வொரு ஈட்டிலும் அதே கலவையை ஒரு சிறிய பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் நிரப்பி, கண்ணாடிப் பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். காலையும் மாலையும் அதை விரலால் அழுத்திப் பாருங்கள். முதல் நாள் பள்ளம் விழும். கடையில் வாங்கிய திறக்காத சோடா பாட்டில் போல விரலை எதிர்த்து நிற்கும் நாளில் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். நான் பல கருவிகளை முயன்றுவிட்டேன், இந்தப் பத்து ரூபாய்ப் பாட்டிலை விட நம்பகமானதாக எதுவும் தெரியவில்லை.

தினமும் ஒரு முறை மூடியை லேசாகத் திறந்து வாயுவை வெளியேற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. சர்க்கரை அளவு சரியாக இருந்தால் அது தேவையில்லை. சேர்ந்த நுரைப்பும் போய்விடும். அளவில் சந்தேகம் உள்ளபோது மட்டும், மூடியின் மேல் ஒரு தடித்த துணியைப் போர்த்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யலாம். எப்படியிருந்தாலும் இந்த நாட்களில் பாட்டில்களைத் திறந்த அலமாரியில் வைக்காமல், மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியிலோ தடித்த அட்டைப் பெட்டியிலோ துணி சுற்றி வைப்பது இப்போது என் வீட்டில் எழுதப்படாத சட்டம்.

ஃப்ரிட்ஜில் வைப்பதால் இரண்டு நன்மைகள். ஈஸ்ட் ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. அதோடு, குளிர்ந்த நீரில் கரியமில வாயு அதிகமாகக் கரையும். 4 டிகிரி குளிரில், 30 டிகிரியில் கரைவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகக் கரைகிறது. தன் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு வாயு சுமக்கும் ஒரு பாட்டில் 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 50 பவுண்டு அழுத்தத்தில் இருக்கும்; கார் டயருக்கே நாம் 30 பவுண்டு சொச்சம்தான் காற்றடிக்கிறோம். அதே பாட்டிலை 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் அழுத்தம் 15 பவுண்டுக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் சூடான பாட்டிலை ஒருபோதும் திறக்கக் கூடாது. குறைந்தது ஓர் இரவு முழுதும் குளிர்ந்த பிறகு, சிங்க்கின் மேல் பிடித்து, கம்பியை விடுவிக்கும் அதே நேரத்தில் உள்ளங்கையால் மூடியை அழுத்தியபடி, சீறல் அடங்கும் வரை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும்.

நீண்ட நேர மின்வெட்டு வந்தால் பாட்டில்களை நினைவில் கொள்ளுங்கள். நான்கைந்து மணி நேரத்தை மூடிய ஃப்ரிட்ஜ் தாங்கும். புயல் நாட்களில் போல ஒரு நாள் முழுதும் மின்சாரம் இல்லையென்றால், இன்னும் குளிர்ச்சி இருக்கும்போதே எல்லாவற்றையும் திறந்து வாயுவை விட்டுவிடுவதுதான் வழி. ஊருக்குப் போகும்போது பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துச் செல்வதும் இதே காரணத்தால் வேண்டாத வேலை. ஃப்ரீசரில் வைத்தால் நீர் விரிந்து பாட்டில் உடையும். கொதிக்கவைத்துக் கிருமி நீக்கி வெளியில் வைக்கலாமே என்றால், வாயு போய்விடும், சுவையும் மாறிவிடும். மூடிய பாட்டிலைச் சுடுநீரில் வைப்பதோ நேரடி ஆபத்து.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு காகித டேப் ஒட்டி, அடைத்த தேதியையும் ஃப்ரிட்ஜுக்குப் போன தேதியையும் சேர்த்த பழத்தையும் எழுதுங்கள். பழம் சேர்த்தவற்றை மூன்று வாரத்துக்குள்ளும், இஞ்சி மட்டும் சேர்த்ததையும் வெறுமையானதையும் ஒன்றரை மாதத்துக்குள்ளும் நான் முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு கெட்டுப்போவதில்லை, புளிப்பு ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறியதை வெங்காயம் ஊறவைக்கவும் கெட்டிலில் படிந்த உப்பை நீக்கவும் வினிகர் போலப் பயன்படுத்தலாம். அடியில் பழுப்புப் படிவும், மேலே சளி போன்ற மெல்லிய தோலும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வடிகட்டிக் குடிக்கலாம். ஆனால் பஞ்சு போலவோ பொடி போலவோ உலர்ந்த பூசணம், வெள்ளையோ பச்சையோ கறுப்போ, ஜாடியிலோ பாட்டிலிலோ தெரிந்தால், மேலே மட்டும் வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்ற நினைக்காமல் தோலோடு சேர்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரை மூடிய பாட்டிலுக்குள் முழுதாகப் புளித்தால், அதனால் மட்டுமே முக்கால் சதவீத அளவுக்கு ஆல்கஹால் கூடும். 2010இல் அமெரிக்காவில், சில கொம்புச்சா பாட்டில்களில், மதுபானம் அல்லாதவற்றுக்கான 0.5 சதவீத வரம்பைத் தாண்டி ஆல்கஹால் இருந்ததால் அவை கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. அதற்கும் மூடிய பிறகும் தொடர்ந்த நொதித்தலே காரணம். எனவே கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், மதக் கட்டுப்பாட்டினாலோ மருத்துவர் சொல்லியோ ஆல்கஹாலைத் தவிர்ப்பவர்கள் ஆகியோருக்கு வீட்டுக் கொம்புச்சாவைக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அளவு முக்கியம். 1995இல் ஐயோவா மாநிலத்தில் இருவர் கடுமையாக நோயுற்றதை ஆராய்ந்தபோது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஆரோக்கியமானவர்களுக்கு நாளொன்றுக்கு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 120 மில்லி, தீங்கு செய்யாதிருக்கலாம் என்று குறிப்பிட்டது. ஒரு சின்ன டீ டம்ளர் அளவு. முதன்முறை குடிப்பவர்கள் அதிலும் பாதியில் தொடங்கலாம்.

குடித்து முடித்த பாட்டிலை அப்படியே விட்டுவைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவிட்டால் அடியில் ஈஸ்ட் காய்ந்து ஒட்டாது. ரப்பர் வாஷரைக் கழற்றித் தனியாகக் கழுவி, துடைத்து, நிழலில் காயவையுங்கள். அதன் அடியில்தான் கறுப்புப் பூசணம் முதலில் கூடு கட்டும். விரலால் மடக்கும்போது வெடிப்பு தெரிகிற வாஷர் வாயுவைப் பிடித்து வைக்காது. ஒரு பாட்டில் மட்டும் திரும்பத் திரும்ப நுரைக்காமல் போனால், சர்க்கரையைக் கூட்டுவதற்கு முன் அந்த வாஷரை மாற்றிப் பாருங்கள்.